இரண்டரை வயது மகளின் விரல் சூப்பும் பழக்கம்

மகளுக்கு இரண்டரை வயது, தூங்கும்போதும் டிவி பார்க்கும்போதும் கட்டைவிரல் வாயில்தான், கசப்பு மருந்து தடவியும் பலனில்லை, பல் தூக்கிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்தக் கசப்பை நிறுத்திவிடுங்கள். அதே கையால் கண்ணைத் தேய்த்தால் எரியும். தவிர, விரல் சூப்புவது அவளுக்கு ஒரு ஆறுதல். அதைத் தண்டனையாக்கினால் அழுகைதான் கூடும்.

பெரும்பாலான பிள்ளைகள் 2 முதல் 4 வயதுக்குள் தானாகவே விட்டுவிடுகிறார்கள். நிலையான பற்கள் 6 வயதையொட்டித்தான் முளைக்கும், அதனால் இப்போதே பதற வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விரல் வாயில் சும்மா கிடக்கிறதா, இல்லை அழுத்திச் சூப்புகிறாளா? அழுத்திச் சூப்புவதுதான் பல்லை அதிகம் தள்ளும்.

டிவி நேரம் சுலபம். "விரலை எடு" என்று சொல்லாமல், இரண்டு கையாலும் பிடிக்கிற பொம்மையை நீட்டுங்கள். தூக்கம்தான் கடினம். கட்டிப்பிடிக்கத் துணிப் பொம்மை கொடுங்கள். நன்றாகத் தூங்கியதும் விரலை மெல்ல எடுத்துவிடுங்கள். மறுபடி போட்டால் சரி, விட்டுவிடுங்கள். அப்புறம், வீட்டில் யாராவது கேலி செய்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள் (குழந்தையைத் திருத்துவதைவிட இது கஷ்டம்!).

4 வயதுக்குப் பிறகும் தொடர்ந்தாலோ, முன்பற்கள் துருத்துவதுபோல் தெரிந்தாலோ குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.