நேயர் கணிப்பில் வராதவர்கள் ஏன் கேட்கிறார்கள்?

"தொலைதூர மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலி நிலையங்களை இரவில் தேடிக் கேட்பவர்கள் எந்த நேயர் கணிப்பிலும் வருவதில்லை, பிறகு அதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரியில் பல ஆண்டுகளாக இதில் ஈடுபட்டு வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கணிப்பில் எங்களுக்கு இடமில்லை என்பது உண்மைதான். இந்தியாவில் 2007இல் தொடங்கிய 'ராம்' என்ற வானொலி நேயர் கணிப்பு, சில பெருநகரங்களின் நேயர்கள் நாட்குறிப்பில் எழுதிக் கொடுத்ததை வைத்தே நடந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலுள்ள 700 கிலோஹெர்ட்ஸ் நிலையம் 50 கிலோவாட் திறனில் இரவில் பல மாநிலங்களைத் தாண்டி ஒலித்தாலும், தொலைவில் கேட்பவரால் அதன் உள்ளூர்த் தரவரிசை உயராது. விளம்பரக் கட்டணத்தை முடிவு செய்ய அந்த அளவுகோல் போதும். அலை எதுவரை எட்டுகிறது என்பதை அது சொல்லாது.

எங்கள் அக்கறை அந்த எட்டலில்தான் இருக்கிறது. பகலில், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தின் 'டி' எனும் கீழடுக்கு மத்திய அலையை உறிஞ்சிக்கொள்கிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு மறைய, மேலடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறது. இலங்கைப் புத்தளத்தின் 882 கிலோஹெர்ட்ஸ் நிலையம் எங்கள் மலையில் வலுப்பெறுவது அந்த நேரத்தில்தான். ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மோதினால் வானொலிப் பெட்டியை மெல்லத் திருப்ப வேண்டும். உள்ளே அலைவாங்கியாக இருக்கும் ஃபெரைட் (காந்தப்பொருள்) தண்டின் முனை எந்த நிலையத்தை நோக்குகிறதோ அது அமுங்கிவிடும், மற்றொன்றின் பெயர் அறிவிப்பு தெளிவாகக் கேட்கும். அந்த அறிவிப்புக்காக எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம் என்பதே என் அனுபவம்.

கேட்டதை நாள், நேரம், அலைவரிசை, நிகழ்ச்சி விவரம், ஒலியின் வலிமை, இடையூறு ஆகியவற்றோடு எழுதி அனுப்பினால் நிலையம் க்யூ.எஸ்.எல். எனும் ஒப்புகை அட்டை அனுப்பி, நாங்கள் கேட்டதை உறுதி செய்யும். அட்டை எங்களுக்கு மகிழ்ச்சி; எந்த நிலையம் தங்களோடு மோதுகிறது, எங்கே ஒலி மங்குகிறது என்ற செய்தி நிலையத்தின் பொறியாளருக்குப் பயன். நாட்குறிப்புக் கணிப்பில் இந்தச் செய்தி கிடைக்காது.

ஆகவே ஒரு மத்திய அலை நிலையத்தை மூடலாமா என்று முடிவெடுப்பவர்கள் நகர நேயர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பண்பலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வதால் நீலகிரியின் மடிப்புகளுக்குள் இருக்கும் ஊர்களில் அடிக்கடி தடைபடும். தரையை ஒட்டிச் செல்லும் மத்திய அலைக்கு அந்தத் தடை குறைவு. அந்த ஊர்களின் நேயர்களும் எங்களைப் போலவே கணக்கில் வராதவர்கள்தான்.