தோழி வரவில்லை, டிக்கெட் இருக்கிறது

கேள்வி: எனக்கு 47 வயது. கரூரில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். தோழியும் நானும் ஐந்து நாள் பாங்காக் போக டிக்கெட் போட்டிருந்தோம். அவள் மகளுக்குத் திடீரென்று நிச்சயதார்த்தம் வைத்துவிட்டார்கள், அவளால் வர முடியாது. இனி ரத்து செய்தால் பணம் திரும்பாது. கணவர் 'உன் இஷ்டம்' என்கிறார். மகன்தான், "பாங்காக்குக்குத் தனியாகவா? ஊர் என்ன பேசும்?" என்று குதிக்கிறான். எனக்கு அரண்மனை பார்க்க வேண்டும், துணி மார்க்கெட் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். இங்கிலீஷ் அரைகுறை. நான் தனியாகப் போகலாமா? தாலிச் செயினைப் போட்டுக்கொண்டு போகலாமா?

– வாசகி, கரூர்

பதில்: தாராளமாகப் போகலாம். ஊர்ப் பேச்சுக்கு என்னிடம் மருந்து கிடையாது. பாதுகாப்புக்கு உண்டு, ஏனென்றால் நானே அந்த ஊரில் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

அரண்மனை மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒரு பெரியவர் புன்னகையோடு வந்தார். "இன்று விசேஷ நாள், மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை வேறு புத்தர் கோயில்களைப் பாருங்கள், இருபது பாட் கொடுத்தால் போதும்" என்று தானே ஒரு துக்துக் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார். பாட் என்பது அந்த ஊர்ப் பணம். இருபது பாட்டுக்கு இவ்வளவு தூரமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு கோயிலுக்குப் பிறகு வண்டி ஒரு நகைக்கடை வாசலில் போய் நின்றது. நீலக்கல்லை வாங்கிப் போய் ஊரில் இரண்டு மடங்கு விலைக்கு விற்கலாம் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் தப்பித்தது புத்திசாலித்தனத்தால் அல்ல, பையில் அவ்வளவு பணம் இல்லை. அரண்மனை வாசலுக்குத் திரும்பும்போது நேரம் முடிந்திருந்தது. காலையில் 8.30-க்கே திறந்துவிட்டார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அரச நிகழ்ச்சி ஏதும் இருந்தாலொழிய அது தினமும் மாலை 3.30 வரை உண்டு. மூடியிருக்கிறதா இல்லையா என்பதை டிக்கெட் கவுன்டரில் இருப்பவர் சொல்லட்டும். நுழைவுக் கட்டணம் 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். உங்கள் சுடிதாருக்கு எந்தப் பிரச்சினையும் வராது.

அன்றிலிருந்து நான் ஒரே ஒரு கணக்குதான் வைத்திருக்கிறேன். தானாக வந்து உதவுகிறவர் வேண்டாம். உதவி தேவையென்றால் நானாக ஓர் ஆளைப் பார்த்துப் போய்க் கேட்பேன். உங்களைத் தேடி வருகிறவர் எதற்காக வந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் தேடிப் போகிறவரோ தன் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தவர். பாங்காக்கில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது: தெருவோரச் சாப்பாட்டுத் தள்ளுவண்டி, பழக்கடை, துணிக்கடை என்று எங்கு பார்த்தாலும் பெண்கள் வியாபாரம் செய்கிறார்கள். போனில் முகவரியைக் காட்டினாலே போதும், இங்கிலீஷ் அவர்களுக்கும் அரைகுறைதான்.

நமக்கு வராதது 'வேண்டாம்' என்று சொல்வது. பேசுகிறவரை மதிக்காமல் எப்படிப் போவது என்று நின்றுவிடுவோம். 'மை ஆவ் கா' என்று இரண்டு நாள் வீட்டில் சொல்லிப் பழகுங்கள். தாய்லாந்து மொழியில் 'வேண்டாங்க' என்று அர்த்தம், கடைசியில் வரும் 'கா' பெண்கள் சேர்க்கும் மரியாதை. சொல்லிவிட்டு நிற்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

யாராவது தமிழில் பேசினாலும் இதே கணக்குதான். "சிஸ்டர், எந்த ஊர்?" என்று கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம், அதற்காக எந்த ஹோட்டல், எந்த அறை என்று சொல்ல வேண்டியதில்லை. முக்கியமாக, திரும்பும்போது விமான நிலையத்தில் "இந்த ஒரு பையை மட்டும் சென்னையில் கொடுத்துவிடுங்கள், வெளியே ஆள் நிற்கும்" என்று கேட்டால் ஒரு சாக்லேட் டப்பாவைக்கூட வாங்காதீர்கள். பாங்காக்கிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் உயர் ரகக் கஞ்சாவும், பாம்பு, ஆமை மாதிரி உயிருள்ள பிராணிகளும் பிடிபட்டதைச் சென்னைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கலாம். பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிரதுநாமில் தங்குங்கள். நீங்கள் பார்க்க ஆசைப்படும் ஆயத்த ஆடை மொத்த வியாபாரம் அங்கேதான். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து வரும் ரயிலில் ராச்சப்ராரோப் நிலையத்தில் இறங்கினால் பக்கம். டாக்ஸி என்றால் மீட்டர் போடச் சொல்லுங்கள், மறுத்தால் அடுத்த வண்டி. சென்னை ஆட்டோவில் பேரம் பேசிய நமக்கு இது புதிதா என்ன! ஊருக்குள் மேம்பால ரயில் ஏறத்தாழ நள்ளிரவு வரை ஓடுகிறது. அதுதான் எனக்குப் பிடித்த வண்டி, யாரிடமும் விலை பேச வேண்டாம். ஹோட்டல் வரவேற்பில் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேளுங்கள். யாராவது துருவிக் கேட்டால், கணவர் மேலே தூங்குகிறார். இந்தப் பொய்க்குப் பாவம் கிடையாது.

அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் தாய்லாந்து அரசின் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். 2025 மே முதல் இது கட்டாயம். கட்டணம் கிடையாது, பணம் கேட்டால் அது போலித் தளம். மகனிடம் இந்த வேலையைக் கொடுங்கள், குதிப்பதற்கு நேரம் இருக்காது. அப்படியே பயணக் காப்பீடும் எடுக்கச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் அறை லாக்கரில் இருக்கட்டும், படம் போனிலும் மகனிடமும். அதை எந்தக் கடையிலும் அடகு மாதிரிக் கொடுக்கக் கூடாது. பட்டாயா கடற்கரையில் ஜெட் ஸ்கீ என்ற தண்ணீர் ஸ்கூட்டர் வாடகைக்குப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்கள்தான் கீறல் போட்டீர்கள்" என்று பணம் கேட்பது பழைய வித்தை. தொலைந்தே போனால் முதலில் போலீஸில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் சுகும்வித் 23-ஆம் சந்தில் இருக்கும் இந்தியத் தூதரகம். ஊர் திரும்ப மட்டும் ஓர் அவசரச் சான்றிதழ் தருவார்கள். சுற்றுலாப் போலீஸ் எண் 1155, இங்கிலீஷில் பேசுவார்கள். இந்த எண்ணைத் தாளிலும் எழுதி வையுங்கள், போனே தொலைந்தால் போனில் இருக்கும் எண் எதற்கு?

கடைசியாக, தாலிச் செயின். கழற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் மனசு. நான் மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு போனேன், என் மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. செயினோடுதான் போவேன் என்றால் துப்பட்டாவுக்கு உள்ளே இருக்கட்டும். கனமான நகை என்றால் கிளம்பும்போதே சென்னை விமான நிலையச் சுங்கத்தில் காட்டி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது, திரும்பும்போது 'அங்கே வாங்கியதா?' என்ற கேள்வி வராது. வளையல், நெக்லஸ் எல்லாம் பீரோவில் இருக்கட்டும். துணி மார்க்கெட்டில் எப்படியும் உங்கள் கண் நகையின் மேல் இருக்காது. பாங்காக்கின் துணிச் சந்தையான பஹுராத்தில் லேஸ் விற்கும் சந்துக்குள் நுழைந்தால், மதியச் சாப்பாடே மறந்துபோகும்.