டிக்கி இடம் போகாமல் சப்வூஃபர் பெட்டி செய்ய முடியுமா?

கடலூரில் ஓடும் ஹேட்ச்பேக்குக்கு, டிக்கியை அடைக்காத 10 அங்குல சப்வூஃபர் (அடித்தொனி ஒலிக்கும் ஸ்பீக்கர்) பெட்டி கேட்டிருக்கிறீர்கள். முடியும். போர்ட் (காற்று போய்வரும் திறப்பு) வைத்த பெட்டி இடத்தைத் தின்னும். முழுக்க மூடிய பெட்டியும் ஆழம் குறைந்த ஸ்லிம் சப்வூஃபரும் போதும்.

உருவம் எப்படி இருந்தாலும் சரி, உள்ளே இருக்கும் காற்றின் அளவுதான் கணக்கு. உள்ளளவு 40 × 30 × 17 செ.மீ. என்றால் பெருக்கி 1000-ஆல் வகுங்கள்: 20.4 லிட்டர். ஸ்பீக்கர் பிடிக்கும் இடத்தைக் கழித்து, அதன் கையேடு கேட்கும் அளவோடு ஒப்பிடுங்கள். சற்றுக் குறைந்தால் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் ஓரளவு ஈடாகும். பின்சீட்டு முதுகின் சாய்வுக்கே பெட்டியை வெட்டினால் இடுக்கு வீணாகாது.

எல்லோரும் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை என்பார்கள். நம் கடற்கரை ஈரத்தில் அது உப்பிவிடும், 18 மி.மீ. மரைன் பிளைவுட்டே என் தேர்வு. அப்புறம், மூட்டுகளில் காற்று கசியவே கூடாது.