பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் இருக்கும்போது மருத்துவமனைகளுக்குப் புதுக் கிருமிநாசினி எதற்கு?

இருக்கிற மருந்துகள் கிருமியைக் கொல்லாதா, ஏன் இன்னும் ஆராய்ச்சி செய்துகொண்டே இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கொல்லும், அதில் சந்தேகம் வேண்டாம். சரியாகக் கலந்த ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், இன்றைக்கும் வலுவான கிருமிநாசினிதான். ஆனால் அழுக்குப் படிந்த கட்டில் கம்பியில், குளிர்ந்த வார்டில், அடுத்த வேலைக்கு ஓட வேண்டிய ஒருவர் துடைத்துவிட்டுப் போன அந்தச் சில நிமிடத்துக்குள் அது கொன்று முடிக்கிறதா? ஆராய்ச்சியெல்லாம் இதற்காகத்தான். நான் நீலகிரியில் ஒரு மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருக்கிறேன். எங்கள் ஊர்க் குளிரும் மூடுபனியும் இந்த விஷயத்தில் நிறையவே தலையிடுகின்றன, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பணக்கார நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும், உள்ளே இருக்கும்போது ஒரு தொற்றாவது புதிதாக வருகிறது. அப்படித் தொற்றியவர்களில் சுமார் பத்தில் ஒருவர் இறக்கிறார். கால் முறிந்து வந்தவர் நுரையீரல் தொற்றில் இறந்துபோனால் அவர் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது? இந்த வேலையை நான் இவ்வளவு பிடிவாதமாகச் செய்வதற்குக் காரணம் அதுதான். தொற்று அதிகமாகப் பரவுவது கைகள் வழியே. ஆனால் கைக்குக் கிருமி எங்கிருந்து வருகிறது? கட்டில் கம்பி, சலைன் ஸ்டாண்டு, மானிட்டர் பொத்தான், கதவுக் கைப்பிடி. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ, அசினெட்டோபேக்டர் போன்ற கிருமிகள் காய்ந்த பரப்பில் மாதக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ், பிணப் பரிசோதனை முடித்து நேராகப் பிரசவ வார்டுக்கு வரும் மருத்துவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். அந்த ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் 2 சதவீதத்துக்கு வந்தது. நோய்க்குக் காரணம் கிருமி என்று அப்போது நிறுவப்படவே இல்லை. பிண வாடையைப் போக்குகிறதே என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார். 1865இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கையில் எடுத்தார், அதுவும் கார்லைல் நகரச் சாக்கடைக் கழிவுக்கு அதை ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு. நம் வீட்டுப் பினாயில் அந்த வம்சம். பினாயில் டப்பாவில் ஆர்.டபிள்யூ.சி. என்று ஓர் எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரிடியல், வாக்கர் என்ற இருவர் 1903இல் கொண்டுவந்த அளவுகோல் அது. டைபாய்டு கிருமியைக் கொல்வதில் வெறும் ஃபீனாலைவிட, அதாவது அந்தக் கார்பாலிக் அமிலத்தைவிட, இது எத்தனை மடங்கு மேல் என்று சொல்லும். சோதனைக் குழாயில் நீந்தும் டைபாய்டு கிருமிக்கு அந்தக் கணக்கு சரி. சளியும் ரத்தமும் ஒட்டிய ஐசியூ கட்டில் அந்தக் குழாய் மாதிரி இருக்காது.

முதல் எதிரி அழுக்கு. ரத்தம், சளி, சீழ் எல்லாம் புரதம். குளோரின் கிருமியை எட்டும் முன்பே அந்தப் புரதத்தோடு வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் முதலில் துடைத்து எடு, அப்புறம் மருந்து போடு என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறோம். ரத்தம் சிந்திய இடத்தில் 1 சதவீத ஹைப்போவைப் போட்டுப் பத்து நிமிடமாவது விட வேண்டும். இரண்டு பேர் காத்திருக்கும் கேஷுவாலிட்டியில் அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு நீளமானது என்று உள்ளே வேலை பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது குளிர். இதைப் பற்றி சமவெளியில் யாரும் அதிகம் பேசுவதில்லை. கிருமிநாசினி வேலை செய்வது ஒரு வேதிவினை. வெப்பம் குறைந்தால் வினை மந்தமாகும். ஃபீனால் வகைகள் குளிரில் மிகவும் தளர்ந்துவிடும். ஐரோப்பியத் தரச் சோதனைகளில் பரப்புக்கான மருந்துகளைப் பொதுவாக 20 டிகிரியை ஒட்டித்தான் சோதிக்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி விடிகாலையில் வெளியே புல்லில் உறைபனி கிடக்கும்போது, ஹீட்டர் இல்லாத வார்டில் 20 டிகிரிக்கு எங்கே போவது? ஐந்து டிகிரி என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். எண்டோஸ்கோப்பை ஊறவைக்கும் ஆர்த்தோஃப்தால்டிஹைடு கரைசலுக்கு அமெரிக்காவில் கொடுத்த அனுமதியைப் பாருங்கள்: கையால் ஊறவைத்தால் 20 டிகிரியில் 12 நிமிடம், சூட்டைக் கட்டுப்படுத்தும் எந்திரத்தில் 25 டிகிரியில் 5 நிமிடம். ஆகவே லேபிளில் உள்ள நிமிடத்தைப் படிக்கிறவர் பக்கத்தில் இருக்கும் டிகிரியையும் படிக்க வேண்டும். குளிர் மாதங்களில் ஊறவைக்கும் கரைசலில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் நேரத்தைக் கணக்கிடவே கூடாது என்பது என் கட்சி.

கிருமிநாசினிக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் மலையில் வேலை செய்கிறவர்களுக்காக இன்னொன்று. ஆட்டோகிளேவில், அதாவது கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் எந்திரத்தில், 15 பவுண்டு அழுத்தம் வந்தால் உள்ளே 121 டிகிரி என்று பாடத்தில் படித்திருப்போம். அது கடல் மட்டத்துக் கணக்கு. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அதே 15 பவுண்டில் உள்ளே சுமார் 117 டிகிரிதான் இருக்கும். 121 வேண்டுமானால் முள் பதினெட்டரை பவுண்டு அருகே நிற்க வேண்டும். அழுத்த முள்ளை நம்பாமல் வெப்பமானியையும், கிருமியின் கடின வித்தான ஸ்போர் தடவிய சோதனைப் பட்டையையும் நம்புங்கள்.

மூன்றாவது ஈரம். கோயம்புத்தூரில் மே மாதம் ஃபேன் ஓடும் வார்டில் தரையைத் துடைத்தால் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். மருந்து ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். பத்து நிமிடம் வேண்டிய மருந்து அதற்குள் ஆவியாகிவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். எங்களுக்கு ஜூலையில் நேர்மாறு. மூடுபனி ஜன்னல் வரை வந்து நிற்கும்போது தரை காய்வதே இல்லை. “சிஸ்டர், இது இன்னிக்குக் காயாது போல, காஞ்ச துணி போட்டு எடுத்துரட்டுமா?” என்று ஹவுஸ்கீப்பிங் அக்கா கேட்பது நியாயமான கேள்வி, வயதான நோயாளி வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போகும். ஒரு நிமிடத்தில் கொன்று முடிக்கும் மருந்து ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை. அந்தத் திசையில் நல்ல முன்னேற்றம் ஹைட்ரஜன் பெராக்சைடில்தான் வந்திருக்கிறது. வெறும் பெராக்சைடு மெதுவாக வேலை செய்யும்; நுரைப்பான்களும் கொஞ்சம் அமிலமும் சேர்த்து மேம்படுத்திய கலவைகள் 0.5 சதவீதத்திலேயே சாதாரண பாக்டீரியாக்களை ஒரு நிமிட அளவில் முடிக்கின்றன, கடைசியில் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடுகின்றன. விலைதான் உறுத்துகிறது.

குளோரினிலும் வேலை நடந்திருக்கிறது. திரவ ஹைப்போ வெயிலிலும் சூட்டிலும் நாளாக ஆக வீரியம் இழக்கும். எங்கள் மலைக் குளிர் அதற்கு நல்லதுதான், ஆனால் கேன் இங்கே வந்து சேரும் முன்பே கீழே எவ்வளவு நாள் வெயிலில் கிடந்ததோ. மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் இருக்கும் பழைய சரக்கைத்தான் ஓட்ட வேண்டும். பிளீச்சிங் பவுடர் ஈரக் காற்றில் கட்டிப்பட்டுச் சத்தை இழந்துவிடும். என்ஏடிசிசி என்ற குளோரின் மாத்திரைகள் இதற்கு நல்ல மாற்று: மூடிய டப்பாவில் நெடுநாள் கெடாது, தேவைப்படும்போது எண்ணிப் போட்டுக் கரைத்துக்கொள்ளலாம். கலக்கும் அளவில் கை தவறுவதும் குறையும். மலை மருத்துவமனைகளுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வது இதைத்தான்.

வாடை இல்லாமல், கம்பியை அரிக்காமல், கையைப் பொசுக்காமல் இருப்பவை குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம்) வகை மருந்துகள். அந்த வகையைச் சேர்ந்த பென்சால்கோனியம் குளோரைடை 1935இல் கெர்ஹார்ட் டோமாக் அறிமுகம் செய்தார். ஆனால் பருத்தி நூல் மாப் அந்த மருந்தைத் தன்னிடமே இழுத்து வைத்துக்கொள்ளும். பக்கெட்டில் சரியாகக் கலந்தாலும் தரையில் படுவது குறைவாகிவிடும். இன்னும் மோசம், நீர்த்துப்போன குவாட் கரைசலுக்குள்ளேயே சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து, அதில் வைத்த பஞ்சிலிருந்து நோயாளியின் ரத்தத்தில் கலந்த சம்பவங்கள் 1950களிலேயே மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. மிச்சம் இருக்கும் கரைசலோடு புதியதை ஊற்றி நிரப்பாதீர்கள், பக்கெட்டைக் கழுவிக் காயவைத்துப் புதிதாகக் கலங்கள் என்று நாங்கள் விடாமல் சொல்வதற்குப் பின்னால் அந்தச் சம்பவங்கள் இருக்கின்றன. கடும் வயிற்றுப்போக்கைத் தரும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் கிருமியின் ஸ்போருக்கு முன்னால் குவாட்டும் ஆல்கஹாலும் செல்லாது; குளோரினோ பெராசிட்டிக் அமிலமோ வேண்டும். 2009இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சையிடமும் பல குவாட்கள் தோற்றுவிடுகின்றன. எதிரி மாறிக்கொண்டே இருக்கிறது.

புது மருந்து ஒன்றை நம்புவதற்கு என்ன கேட்க வேண்டும்? 99.9 சதவீதம் கொல்லும் என்பது பெரிதாகத் தெரியும். பத்து லட்சம் கிருமியில் அது ஆயிரத்தை மிச்சம் வைக்கும். மருத்துவமனைப் பயன்பாட்டுக்கான ஐரோப்பியச் சோதனையில் பாக்டீரியாவை லட்சத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும், அதுவும் புரதமும் ஆட்டு ரத்த அணுக்களும் கலந்து அழுக்கு நிலையை உண்டாக்கி. அந்தச் சோதனையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி நேரம் முடிந்ததும் மருந்தைச் செயலிழக்கச் செய்வது. அதைச் செய்யாவிட்டால் ஒட்டியிருக்கும் மருந்து வளர்ப்புத் தட்டிலும் தொடர்ந்து கொன்று, ஒரு நிமிடத்தில் எல்லாம் செத்துவிட்டது என்று பொய்க் கணக்குக் காட்டும். மருந்து விற்க வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எத்தனை டிகிரியில், எந்த அழுக்கோடு, எதை வைத்து நிறுத்தினீர்கள்?

புகை போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் தியேட்டரை மூடி ஃபார்மலின் புகை போடுவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். துடைக்காத மேசை மேல் எவ்வளவு புகை போட்டாலும் அழுக்குக்கு அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். லிஸ்டரே தியேட்டர் காற்றில் அடித்த கார்பாலிக் ஸ்பிரேயைப் பிற்பாடு கைவிட்டு, 1890 பெர்லின் மாநாட்டில் அதைப் பரிந்துரைத்ததற்காக வெளிப்படையாக வருந்தினார்.

எங்கள் ஊர்க்காரர்கள் தவறாமல் கேட்பது, நம்ம நீலகிரித் தைலத்தில் கிருமிநாசினி செய்யக் கூடாதா என்று. தைலத்தில் உள்ள சினியோல் சில கிருமிகளை அடக்கும், உண்மை. ஆனால் எண்ணெய் தண்ணீரில் கலக்காது, அதிக அடர்த்தி தேவைப்படும், சூடோமோனாஸ் போன்றவை அதைப் பெரிதாக மதிப்பதில்லை. மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கட்டும், ஐசியூவுக்கு வேண்டாம். வாசனை வந்துவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று மனசு நம்பிவிடுவது கூடுதல் ஆபத்து.

இந்த மருந்துகளை நாள் முழுக்கச் சுவாசிப்பவர்கள் துப்புரவுப் பணியாளர்கள்தான். குளோரின் வாடையில் இருமிக்கொண்டே வேலை செய்யும் அக்காக்களுக்கு நல்ல கையுறையும் காற்றோட்டமும் கொடுக்காத இடத்தில் எந்தப் புது மருந்தும் ஒழுங்காகப் பயன்படாது. கையை எரிக்கிறது என்றால் தண்ணீரை அதிகமாக ஊற்றத்தான் செய்வார்கள். மருந்து உருவாக்குகிறவர்கள் சோதனைக்கூடத்தை விட்டு ஒரு வாரம் மாப் பிடிப்பவரோடு நடந்தால் தேவை என்ன என்பது தெளிவாகப் புரியும் என்பது என் உறுதியான எண்ணம். பரப்பில் படும்போது நிறம் காட்டி, வேலை முடிந்ததும் நிறம் மறையும் கரைசல் நல்ல விலையில் கிடைத்தால் எனக்கு எவ்வளவோ உதவும்.

உங்கள் வீட்டில் யாராவது அட்மிட் ஆகியிருந்தால், கட்டில் பக்கத்தில் ஹேண்ட் ரப் பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், காலியாக இருந்தால் கூச்சப்படாமல் சிஸ்டரிடம் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் எல்லோரும் தயாரித்துக்கொள்ளட்டும் என்று வெளியிட்ட செய்முறையில் 80 சதவீத எத்தனாலோ 75 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலோ இருக்கும். 20 முதல் 30 விநாடி, கை காயும் வரை தேய்க்க வேண்டும். நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் மட்டும் சோப்பும் தண்ணீரும் போட்டே கழுவுங்கள்.