கண்காணிக்கப்படாதவர்கள்

அன்புள்ள ஐயா,

ஆர்வெல்லின் ‘1984’ நாவலை இப்போதுதான் வாசித்து முடித்தேன். ஒரு விஷயம் உறுத்துகிறது. ஆளும் கட்சிக்காரன் வீட்டுக்குள் முகம் சுளித்தாலும் டெலிஸ்கிரீன் (ஆளைக் கண்காணிக்கும் திரை) பார்த்துவிடுகிறது. ஆனால் மக்கள்தொகையில் 85 சதவீதமான ‘புரோல்’களில் (கட்சியில் இல்லாத உழைக்கும் மக்கள்) பெரும்பாலோர் வீட்டில் அது கிடையாது. இத்தனை பேரைக் கண்டுகொள்ளாமல் ஒரு சர்வாதிகாரம் எப்படி நிற்கும்? இது நாவலின் ஓட்டை இல்லையா?

செ.

அன்புள்ள செ.,

ஓட்டை இல்லை. நாவலின் அரசியல் கூர்மையே அங்கேதான் இருக்கிறது என்பேன்.

நாவலுக்குள்ளே வரும், கட்சியின் எதிரி என்று சொல்லப்படும் கோல்ட்ஸ்டீனின் புத்தகத்தை இன்னொருமுறை வாசியுங்கள் (கதை நடுவே இது எதற்கு என்று பலரும் தாவிவிடும் பகுதி). அதன்படி சமூகத்தில் என்றும் மூன்று அடுக்குகள்: மேல், நடு, கீழ். மேலே இருப்பவனைக் கவிழ்ப்பவன் நடுவில் இருப்பவன்தான். நீதி, விடுதலை என்று சொல்லிக் கீழே இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்வான். வென்றதும் அவர்களைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடுவான். இங்கே மேலே இருக்கும் உள்கட்சியோ மக்கள்தொகையில் 2 சதவீதத்துக்கும் குறைவு. பழைய செய்தித்தாள்களை மாற்றி எழுத அதற்கு நாயகன் வின்ஸ்டன் போன்ற, நடுவில் இருக்கும் படித்தவர்கள் வேண்டும். நாளை அதைக் கவிழ்க்கக் கூடியவர்களும் அவர்களே. டெலிஸ்கிரீன் அவர்களுக்காக.

புரோல்களுக்கு லாட்டரி. எழுத்துக்கூட்டவே திணறுபவர்கள்கூட லாட்டரி எண் என்றால் பெரிய கணக்கெல்லாம் போடுகிறார்கள். ஏழில் முடியும் எண்ணுக்குப் பரிசு விழுந்ததா இல்லையா என்று தெருவில் அடிதடி ஆகாத குறை. பெரிய பரிசை வென்றவர் என்று எவரும் கிடையாது என்பது வின்ஸ்டனுக்குத் தெரியும். அப்படியும் அவர்களில் யாராவது தலைதூக்குவார் என்று தோன்றினால், நினைப்பதையே குற்றமாகப் பிடிக்கும் சிந்தனைப் போலீஸ் ஆளைத் தீர்த்துவிடும். ஆக, முழுக்க விட்டுவிடவும் இல்லை.

ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஆங்கிலேய அரசின் போலீஸ் அதிகாரி. சிறு கூட்டம் ஒன்று பெருந்திரளை ஆளும் வித்தையை உள்ளிருந்தே பார்த்தவர். இந்தக் கணக்கு அங்கேதான் பிடிபட்டிருக்கும் என்பது என் ஊகம்.

எனக்குள்ள குறை வேறு. நம்பிக்கை என்று ஒன்றிருந்தால் அது புரோல்களிடம்தான் என்று டைரியில் எழுதுகிறான் வின்ஸ்டன். ஆனால் அவர்களில் யாரோடு பழகினான்? மதுக்கடையில் ஒரு கிழவரிடம் பழைய கதை கேட்டுச் சலித்துக்கொள்கிறான். துணி காயப்போடும் பெண்ணை ஜன்னல் வழியே பார்த்து உருகுகிறான். நெருங்கிப் பழகிய ஒரே ‘புரோல்’ கடைக்காரர் சிந்தனைப் போலீஸ்காரராக வேறு இருந்து தொலைக்கிறார். அந்தத் துணி உலர்த்தும் பெண்ணுக்கு ஆர்வெல் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அவள் சமையலறையில் ஒரு அத்தியாயம் நடந்திருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.