அமெரிக்கக் குடியேற்ற வக்கீலிடம் சென்னைக்காரர்கள் கேட்டவை

புரசைவாக்கத்தில் பிறந்து, சென்னையிலேயே பி.எல். முடித்து, உயர் நீதிமன்றத்தில் ஜூனியராக இருந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு நியூஜெர்சி போய், இப்போது அங்கே குடியேற்றச் சட்டம் மட்டுமே பார்க்கிறேன். ஊருக்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன, அதனால் எல்லோருக்கும் பொதுவாக இங்கே பதில் சொல்கிறேன். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடம், இங்கே வக்கீலாக இருந்துவிட்டு அங்கே போய் எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள்? திட்டம் போட்டுத்தான் போனீர்களா? (பெரம்பூர்)

எந்தத் திட்டமும் இல்லை. கணவருக்கு எச்-1பி என்கிற வேலை விசா, மனைவி என்ற முறையில் எனக்கு எச்-4. அந்த விசாவில் படிக்கலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. 2015இல்தான் விதி மாறி, கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால் மனைவிக்கும் வேலை அனுமதி என்று ஆனது. நான் போனது அதற்கு முன்னால். இங்கே கறுப்புக் கோட்டுப் போட்டு ரிட் மனுவில் வாதாடிவிட்டு அங்கே வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் எல்.எல்.எம். சேர்ந்தேன்.

அப்போதுதான் ஒரு தொண்டு நிறுவனத்தில், தடுப்புக் காவலில் இருந்த ஒரு ஈழத் தமிழருக்கு மொழிபெயர்க்க ஆள் தேவை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், அரசுத் தரப்பில் ஒரு வக்கீல் கோப்போடு உட்கார்ந்திருக்கிறார், இவர் பக்கத்தில் யாருமே இல்லை. அமெரிக்காவில் குற்ற வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசே வக்கீல் வைத்துக் கொடுக்கும். நாடு கடத்தும் வழக்கு சிவில் வழக்காம், அதனால் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, ஆனால் செலவு உங்களுடையது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. திருப்பி அனுப்பினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்கிற ஒருவர், மொழி தெரியாத நாட்டில், தனக்காகத் தானே வாதாட வேண்டும். எனக்கு அது பொறுக்கவில்லை. இதைத்தான் செய்யப்போகிறேன் என்று முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான்.

அங்கே வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்வு எழுதி, ஒரு சிறிய அலுவலகத்தில் சேர்ந்தேன், அவர்களே எனக்கு எச்-1பி போட்டார்கள். அதாவது, மற்றவர்களுக்காக நான் நிரப்பிய அதே படிவம் என் பெயரிலும் போனது. பதில் வரும்வரை ஒரு குடும்பம் எப்படித் தவிக்கும் என்று எனக்குத் தெரியும். கட்சிக்காரர் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் நான் எடுப்பது அதனால்தான்.

அக்கா, நான் பி.ஏ.பி.எல். நான்காம் ஆண்டு. உங்களைப் போல வர என்ன செய்யணும்? எல்.எல்.எம். கட்டாயமா? (வேளச்சேரி)

தம்பி, குடியேற்றச் சட்டம் அங்கே மத்திய அரசுச் சட்டம். ஏதாவது ஒரு மாநிலத்தின் பார் உரிமம் இருந்தால் போதும், ஐம்பது மாநிலத்திலும் இந்த வழக்குகளை நடத்தலாம். நம்மைப் போன்ற வெளிநாட்டு வக்கீல்கள் இந்தத் துறைக்கு நிறைய வருவதற்கு இது பெரிய காரணம்.

நம் ஆட்கள் அதிகம் போவது நியூயார்க், கலிபோர்னியா. அமெரிக்கா போலவே இந்தியாவும் இங்கிலாந்துச் சட்டத்தை ஒட்டிய பொதுச் சட்ட மரபு நாடு என்பதால், முழுநேரமாக மூன்று வருடத்துக்குக் குறையாமல் சட்டம் படித்தவர்களை எல்.எல்.எம். இல்லாமலேயே நியூயார்க்கில் தேர்வு எழுத அனுமதிக்கிறார்கள். உன் படிப்பு அந்தக் கணக்கில் வருமா என்பதை அவர்கள் தேர்வு வாரியம்தான் முடிவு செய்யும், அதற்கே பல மாதம் ஆகும். அதனால் இப்போதே கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் சான்றிதழ் அனுப்பும் முறையைக் கேட்டு வை, மூடி முத்திரை வைத்த கவரில் நேரடியாகப் போகணும் என்பார்கள். ஜூலையிலும் பிப்ரவரியிலும் தேர்வு, இரண்டு நாள், 400க்கு 266 எடுத்தால் பாஸ். அதோடு தொழில் நெறி குறித்த தனித் தேர்வும், 50 மணி நேர இலவசச் சட்ட உதவியும் முடிக்கணும்.

அப்படியும் எல்.எல்.எம். செய்யச் சொல்வேன். தேர்வுக்காக இல்லை. பார் பாஸ் செய்தாலும் விசா வராது, இந்த விஷயத்தை யாரும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. எஃப்-1 மாணவர் விசாவில் படித்தால் ஒரு வருட வேலை அனுமதி கிடைக்கும், அந்த வருடத்தில்தான் வேலை தரும் அலுவலகத்தைப் பிடிக்க முடியும். கடன் வாங்கிப் படிக்கிற குடும்பம் என்றால் இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பு.

என் மகளுக்கு அங்கே பிரசவம். ஜெமினி பாலத்துப் பக்கத்தில் இருக்கிற கான்சுலேட்டில் ரெண்டு தடவை விசா மறுத்துவிட்டார்கள். காகிதம் எதையும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. (தி. நகர்)

அம்மா, உங்களுக்குக் கொடுத்த சீட்டில் 214(பி) என்று இருந்திருக்கும். சுற்றுலா விசா கேட்கும் எல்லோரையும் அங்கேயே தங்கிவிடப் போகிறவர் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு, அதுவும் ஒன்றிரண்டு நிமிடத்தில். இதற்கு அப்பீல் கிடையாது, மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் கட்டின 185 டாலர் திரும்ப வராது.

அதிகாரி முடிவெடுப்பது பெரும்பாலும் டிஎஸ்-160 என்கிற விசா விண்ணப்பப் படிவத்தை வைத்துத்தான். அதை யார் நிரப்பினார்கள் என்று கேட்டால் பாதிப் பேர் தெருமுனை ப்ரௌசிங் சென்டர் பையன் என்கிறார்கள். அதை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். உங்கள் வீட்டுக்காரர் இங்கே தனியாக இருப்பது, உங்கள் பென்ஷன், சொந்த வீடு, எத்தனை வாரத்தில் திரும்புவீர்கள், இதெல்லாம் சரியாக இருக்கிறதா பாருங்கள். மகளைப் பார்க்கப் போவதை மறைத்து ஊர் சுற்றப் போகிறேன் என்று சொல்லச் சொல்லி யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்காதீர்கள். பிரசவத்துக்குத் துணையாக இருக்கப் போகிறேன் என்று நேராகச் சொல்லலாம், அதில் தப்பே இல்லை. முன்னால் மறுத்ததையும் எழுதித்தான் ஆகணும்.

ஒரு கன்சல்டன்சி நாலு வருஷ அனுபவச் சான்றிதழ் தயார் செய்து தருகிறேன் என்கிறார்கள். எல்லாரும் செய்கிறார்களாம். எனக்கு உண்மையில் ஒன்றரை வருஷம்தான். (அம்பத்தூர்)

செய்யாதே தம்பி. நூறு பேர் கேட்டாலும் இதே பதில்தான்.

பொய் ஆவணம் கொடுத்து விசா கேட்டது தெரிந்தால் அமெரிக்கச் சட்டத்தில் வாழ்நாள் தடை. விசா கிடைக்காமல் போனால்கூடத் தடை, ஏனென்றால் பொய் சொல்லிக் கேட்டதே குற்றம். விலக்கு கேட்க வழிகள் மிகக் குறைவு. கிரீன் கார்டு வந்து, குடியுரிமைக்கு எழுதும்போதுகூடப் பழைய கோப்பைத் திறப்பார்கள். அந்தக் கன்சல்டன்சிக்காரர் அப்போது எங்கே இருப்பார்? படிவத்தின் கடைசியில் இருப்பது உன் கையெழுத்து. ஒன்றரை வருடத்தை ஒன்றரை வருடமாகவே எழுது. அதற்குத் தகுந்த வேலை கிடைக்கும்வரை காத்திருப்பது கஷ்டம்தான், ஆனால் வாசல் மூடாது.

பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான், சர்நேம் கட்டம் காலி. பிரச்சனையா? (கொளத்தூர்)

ஆமாம். விசாவில் உங்கள் பெயரைச் சர்நேமாகப் போட்டுவிட்டு, முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சிடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஓட்டுநர் உரிமம், வங்கி, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொள்ளும். விண்ணப்பிக்கும் முன்னாலேயே இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டுப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், டிகிரி, பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் எழுத்துக் கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

என் வீட்டுக்காரர் டாலஸில் இருக்கிறார், வேலை போய்விட்டது. உடனே கிளம்பணுமா? (மடிப்பாக்கம்)

பதறாதீர்கள். எச்-1பிக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு, எந்த நாள் வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு அதற்கு முன்னால் முடிந்தால் அதுவரைதான். கணக்கு, வேலையின் கடைசி நாளிலிருந்து. இழப்பீட்டுச் சம்பளம் எதுவரை வருகிறது என்பதைப் பார்க்காதீர்கள், இதில்தான் பலர் தவறுகிறார்கள். அதற்குள் வேறு நிறுவனம் மனு போட்டால் போதும், அது போய்ச் சேர்ந்ததுமே வேலையில் சேரலாம். வேலை அமையவில்லை என்றால், அவகாசத்துக்குள் வேறு விசா நிலைக்கு மாற விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால், பழைய நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் அவருடைய பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் அவர் இடத்தைக் காட்டும் தேதி, போகாது.

இந்தியர்களுக்கு மட்டும் ஏன் கிரீன் கார்டு இவ்வளவு தாமதம்? (அண்ணா நகர்)

வேலை வழியாக வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுதான், 1990ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த எண்ணிக்கை. மனைவி, பிள்ளைகளும் அந்தக் கணக்கிலேயே வருவார்கள். அதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. மற்ற நாட்டுக்காரர்கள் விட்டுவைத்தது இருந்தால்தான் அதற்கு மேல் கிடைக்கும். கோடிக்கணக்கான பேர் இருக்கும் இந்தியாவுக்கும் ஒரு குட்டித் தீவு நாட்டுக்கும் ஒரே உச்சவரம்பு. இது நியாயமில்லை என்று நான் எங்கேயும் சொல்வேன். 21 வயது தாண்டிய பிள்ளைகள் அப்பாவின் வரிசையிலிருந்து விழுந்துவிடுகிறார்கள், இரண்டு வயதில் அங்கே போன பெண் கல்லூரியில் வெளிநாட்டு மாணவியாக நிற்கிறாள்.

நம்மை எண்ணி எண்ணி விடுவது இன்று வந்ததில்லை. 1923இல், அங்கே குடியுரிமை கேட்ட பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியில்லை என்றே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946இல் மாற்றினார்கள், வருடத்துக்கு 100 பேர் என்று. கதவு அகலமானது 1965க்குப் பிறகுதான்.

ஒரு வழி பலருக்குத் தெரியாது. கணக்கில் எடுப்பது பிறந்த நாட்டை, குடியுரிமையை இல்லை. கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த வரிசையில் இருவரும் நிற்கலாம். கணவர் சென்னை, மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்றால் இலங்கைக் கணக்கு. குவைத்தில், சிங்கப்பூரில் பிறந்த நம் பிள்ளைகளுக்கும் இப்படித்தான். முதல் சந்திப்பிலேயே நான் கேட்பது, இரண்டு பேரும் எங்கே பிறந்தீர்கள் என்பதைத்தான்.

நான் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவன், பெற்றோர் இலங்கைத் தமிழர். இன்னும் அகதி என்றுதான் சொல்கிறார்கள். (வளசரவாக்கம்)

அண்ணா, இது அமெரிக்கச் சட்டம் இல்லை, ஆனால் இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது. 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். பெற்றோர் யார் என்ற கேள்வியே அதில் வராது. உங்களைப் போலவே 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள், அந்தத் தீர்ப்போடு இங்குள்ள ஒரு ரிட் வக்கீலைப் பாருங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவிலும் கேட்கலாம். 1987 ஜூலை 1 முதல் பிறந்த தம்பி தங்கைகளுக்கு இந்த வழி இல்லை, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்கணும்.

நீங்களே சென்னையில் ஆபீஸ் போடலாமே? (மயிலாப்பூர்)

அப்படிப் போட முடியாது. இந்த ஊர் வக்கீல் ஏ.கே. பாலாஜி தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், வெளிநாட்டு வக்கீல்கள் எப்போதாவது வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம், இங்கே தொழில் நடத்தக் கூடாது என்று 2018இல் தீர்ப்பானது. 2023இல் பதிவு செய்துகொண்டு வெளிநாட்டுச் சட்டத்தில் மட்டும், நீதிமன்றம் சாராத வேலை செய்யப் பார் கவுன்சில் விதி கொண்டுவந்தது. அந்தப் பதிவு என்னிடம் இல்லை.

நல்ல வக்கீல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? (தாம்பரம்)

எந்த மாநிலப் பார் உரிமம், எண் என்ன என்று கேளுங்கள். அந்த மாநில இணையதளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம், ஒழுங்கு நடவடிக்கை இருந்தாலும் தெரியும். வக்காலத்துக்கு இணையாக ஜி-28 என்றொரு படிவம் உண்டு, அதில் அவர் கையெழுத்துப் போட மறுத்தால் அவர் உங்கள் வக்கீல் இல்லை. நிறுவனம் வைத்த வக்கீல் என்றால் அவர் நிறுவனத்துக்கும் வக்கீல், வேலை மாறும் யோசனையை அவரிடம் சொல்லாதீர்கள். விசா நிச்சயம் என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள், எந்த வக்கீலாலும் அப்படிச் சொல்ல முடியாது. அனுப்பிய மனுவின் முழு நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருடம் கழித்தும் அது தேவைப்படும்.