விர்ச்சுவல் மெஷினுக்குள் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் தெரிய வைப்பது எப்படி?

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் இருக்கிறது. அதில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினி போல, அதாவது விர்ச்சுவல் மெஷினாக, வேறோர் இயங்குதளத்தை ஓட்டும் நிரல்) நிறுவி, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருக்கிறேன். யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் விண்டோஸில் உடனே தெரிகிறது. உபுண்டுவில் வருவதே இல்லை. டிஸ்க்கில் கோளாறா?

பதில்: டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. செருகியதும் அது விண்டோஸின் கைக்குப் போய்விடுகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் எதைக் காட்டுகிறதோ அது மட்டும்தான் உபுண்டுவின் கண்ணில் படும். காட்ட இரண்டு வழிகள் உண்டு. உங்களுக்கு வேண்டியது கோப்புகள் மட்டுமா, டிஸ்க்கே வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோப்புகள் மட்டும் போதும் என்றால் 'ஷேர்டு ஃபோல்டர்' (விண்டோஸும் உபுண்டுவும் பகிர்ந்துகொள்ளும் ஃபோல்டர்) போதும். பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதைத்தான். உபுண்டுவுக்குள் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்ற விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும். அப்புறம் விர்ச்சுவல்பாக்ஸின் 'டிவைசஸ்' மெனுவில் ஷேர்டு ஃபோல்டர் அமைப்பைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கின் டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'ஆட்டோ மவுன்ட்' பெட்டியில் டிக் செய்யுங்கள். திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் பயனர் பெயரை உபுண்டுவில் 'விபாக்ஸ்எஸ்எஃப்' (vboxsf) குழுவில் சேர்த்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். இன்னொன்று: இந்த வழி டிரைவ் எழுத்தை நம்பி இருக்கிறது. இன்று 'இ' என்று வந்த டிஸ்க் நாளை 'எஃப்' என்று வந்தால் ஃபோல்டர் காணாமல் போகும். விண்டோஸ் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் அதற்கென்று ஓர் எழுத்தை ஒதுக்கிவிடுங்கள்.

டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும், பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரிக்க வேண்டும், அல்லது அது விண்டோஸால் படிக்க முடியாத லினக்ஸ் ஃபார்மட்டில் இருக்கிறது என்றால் ஷேர்டு ஃபோல்டர் உதவாது. டிஸ்க்கையே உபுண்டுவிடம் ஒப்படைக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷினை முழுவதுமாக ஷட் டவுன் செய்துவிட்டு, அதன் செட்டிங்ஸில் யுஎஸ்பி பகுதிக்குப் போய் 3.0 கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-க்கு முந்தைய பதிப்பு என்றால் இதற்கு 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்ற கூடுதல் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். அதன்பின் அது நிரலிலேயே வந்துவிட்டது. உபுண்டுவை ஆன் செய்து, 'டிவைசஸ்' மெனுவின் யுஎஸ்பி பட்டியலில் உங்கள் டிஸ்க்கின் பெயர் மீது டிக் செய்யுங்கள். அந்த நொடியே விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் இருந்து அது மறையும். அப்படித்தான் ஆக வேண்டும்; ஒரே நேரத்தில் இரண்டு இயங்குதளங்கள் ஒரே டிஸ்க்கில் நேரடியாக எழுதினால் தரவு பாழாகிவிடும்.

டிவைஸ் 'பிஸி' என்று பிழை வந்தால், விண்டோஸில் ஏதோ ஒரு நிரல் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். ஆன்டிவைரஸ் ஸ்கேன்கூடக் காரணமாகலாம். திறந்திருக்கும் கோப்புகளை மூடி, டிஸ்க்கை முறைப்படி 'எஜெக்ட்' செய்து எடுத்து, மறுபடி செருகிப் பாருங்கள். யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் நேராக லேப்டாப் போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

தினமும் டிக் செய்வது தொல்லையாக இருந்தால் அதே யுஎஸ்பி பகுதியில் அந்த டிஸ்க்குக்கு மட்டும் ஒரு 'ஃபில்டர்' (செருகியதும் தானாக உபுண்டுவிடம் ஒப்படைக்கும் விதி) சேர்க்கலாம். எந்த டிஸ்க் என்று குறிப்பிடாத வெற்று ஃபில்டர் மட்டும் போட்டுவிடாதீர்கள். அது புதிதாகச் செருகும் எல்லா யுஎஸ்பி சாதனத்தையும் உபுண்டு பக்கம் இழுத்துவிடும், மவுஸ் உட்பட.

வேலை முடிந்ததும் சட்டென்று கேபிளைப் பிடுங்காதீர்கள். முதலில் உபுண்டுவில் 'எஜெக்ட்' கொடுங்கள். பிறகு மெனுவில் டிக்கை எடுங்கள். விண்டோஸில் டிஸ்க் திரும்பத் தெரிந்ததும் அங்கேயும் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

விர்ச்சுவல் மெஷினுக்கு 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வைத்திருக்கிறோமே என்று தைரியமாக எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் சோதனை செய்பவர்கள் பலர். ஸ்னாப்ஷாட் விர்ச்சுவல் மெஷினை மட்டும்தான் பழைய நிலைக்குக் கொண்டுவரும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் அழித்தது அழித்ததுதான், எந்த வழியில் இணைத்திருந்தாலும். அதில் குடும்பப் படங்கள் இருந்தால், பார்ட்டிஷனைத் தொடுவதற்கு முன் வேறோர் இடத்தில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.